கண்டிக் கலைஞரைக் கண்டெழுதிய கலாயோகி

கண்டி மாநகரில் தலதா மாளிகையை அடுத்துப் பல்லே வாகல என்னும் பழைய மனையொன்று இருக்கிறது. கண்டியரசின் இறுதிக் காலத்தில் அரச குடும்பத்துப் பெண்டிர் வாழ்ந்த இல்லம் அது. பிற்காலத்தில் கைவினைஞர் செய்த பொருள்களைச் சேர்த்து வைக்கும் களஞ்சியமாயிற்று. 1942-ஆம் ஆண்டில் நூதனசாலையாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. யானைத்தந்தச் சீப்புகள், வெற்றிலைத் தட்டங்கள், சுண்ணாம்புக் கரண்டகங்கள், பித்தளை விளக்குகள், ஏட்டுச்சுவடிகள் எனப் பலவும் அங்கே கண்ணாடிப் பேழைகளுள் அமைதி கொண்டிருக்கின்றன.

ஒருமுறை என் மாணவர் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சுண்ணாம்புக் கரண்டகத்தின் முன்னே நெடுநேரம் நின்ற சிறுவன் ஒருவன், இது மடியில் வைத்துக்கொள்வதற்கென்று செய்த பொருளாயிற்றே, இதனைப் பூட்டி வைத்துப் பார்ப்பது எதற்காக என்று என்னை வினவினான். அருமையான பொருள், ஆகையால் காக்கிறார்கள் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்த விடை அவனுக்கும் நிறைவளிக்கவில்லை, எனக்கும் நிறைவளிக்கவில்லை. வீடு திரும்பிய பின்னர்தான், அச்சிறுவன் கேட்ட கேள்வியையே தம் வாழ்நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியார் நினைவுக்கு வந்தார். கலாயோகி என்று நாம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி அவர்களே அப்பெரியார்.

அவர் தோன்றியது 1877-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 22-ஆம் நாள், கொழும்பில். கொழும்பு நூதனசாலையும் அதே ஆண்டின் முதல் நாளில்தான் திறக்கப்பட்டது. தந்தையார் சேர் முத்துக்குமாரசுவாமி, யாழ்ப்பாணத் தமிழ்க் குடியினர், சட்ட அறிஞர், சட்டநிரூபண சபையில் அமர்ந்தவர், பொன்னம்பலம் இராமநாதன், அருணாசலம் சகோதரரின் தாய்மாமன். அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக்கி இங்கிலாந்து மக்களுக்கு அறிமுகம் செய்தவரும் அவரே. சைவராகிய அவர், புத்தரின் தந்ததாது வரலாற்றைக் கூறும் தாதாவம்சம் என்னும் பாளி நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1874-இல் வெளியிட்டார். எந்தத் தாதுவின் கதையைத் தந்தை மொழிபெயர்த்தாரோ, அந்தத் தாது உறையும் நகரைச் சூழ்ந்த ஊர்களிலேயே முப்பதாண்டுகளின் பின் மைந்தர் தம் வாழ்வின் நோக்கத்தைக் கண்டுகொண்டார்.

தாயார் எலிசபெத் கிளே பீபி, ஆங்கிலப் பெருமாட்டி. குழந்தையுடன் அவர் இங்கிலாந்து சென்றிருந்தபோது, பின்தொடர்ந்து கப்பலேற வேண்டிய நாளிலேயே, 1879 மே 4-ஆம் நாள், தந்தையார் கொழும்பில் காலமானார். குழந்தைக்கு அப்போது இரண்டு வயதுகூட நிறையவில்லை. தந்தையின் மொழியும் மண்ணும் அறியாமலே ஆனந்தர் வளர்ந்தார். குளொஸ்டர் மாவட்டத்து விக்கிளிப் கல்லூரியிலும், பின்னர் இலண்டன் யூனிவேர்சிற்றிக் கல்லூரியிலும் பயின்று, தாவரவியலிலும் புவிச்சரிதவியலிலும் தேர்ச்சி பெற்று 1900-இல் பட்டதாரியானார். அந்நாளில் அவரைக் கண்ட எவரும், இவர் கல்லைத் தட்டிப் பார்க்கும் விஞ்ஞானியாகவே வாழ்ந்து முடிவார் என்றுதான் எண்ணியிருப்பர்.

கல் ஆராய்ச்சிதான் அவரை இலங்கைக்கும் கொண்டுவந்தது. 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப்பகுதியின் முதல் இயக்குநராக அவர் கடமையாற்றினார். சப்பிரகமுவையின் இரத்தினக்கல் படிவுகளில் 1904-இல் அவர் கண்டெடுத்த கருநிறக் கனிப்பொருளொன்று, தோரியனைட் என்னும் பெயரால் விஞ்ஞான உலகில் நிலைபெற்றது. ஆயினும் கற்களைத் தேடி ஊரூராகச் சென்றவரின் கண்கள் கற்களோடு நிற்கவில்லை. விகாரைச் சுவரில் மங்கிக் கிடந்த சித்திரத்தையும், குயவன் சக்கரத்தையும், தட்டான் உலையையும், பாய் பின்னும் பெண்ணின் விரல்களையும் அவை கண்டன. உடன் சென்ற மனைவியார் எதெல், கைவினையில் தேர்ந்தவர். ஒளிப்படக் கருவியும் கையுமாகக் கணவருக்குத் துணைநின்றார். பிற்காலத்தில் எதெல் மைரே என்னும் பெயரோடு இங்கிலாந்தின் தலைசிறந்த கைநெசவாளராக விளங்கியவர் இவ்வம்மையாரே.

அவர்கள் கண்ட கண்டி நாடு எத்தகையது என்பதைச் சிறிது கூறவேண்டும். அரசர் காலத்தில் கைவினைஞர் அரண்மனைக்கும் ஆலயத்துக்கும் ஊழியம் புரிந்து, அதற்கீடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். அரண்மனைக்குப் பணிசெய்த தலைசிறந்த கம்மியர் நான்கு பட்டறைகளாக வகுக்கப்பட்டிருந்தனர். பட்டல் ஹதர என்று அவை சிங்களத்தில் வழங்கின. 1815-இல் அரசு வீழ்ந்தது. ஏவலிட அரசனில்லை, அணியவும் ஆளவும் அரசவை இல்லை. 1832-இல் கட்டாய இராசகாரிய முறை நீக்கப்பட்டது. ஆலய நிலங்களில் எஞ்சியிருந்த ஊழியத்தையும் பணமாகச் செலுத்தித் தீர்க்கலாம் என்று 1870-ஆம் ஆண்டின் சட்டம் வழிவிட்டது. மலைகளில் காப்பியும் பின் தேயிலையும் பரந்தன. கடைகளில் பிறநாட்டுத் துணியும் தகரமும் கண்ணாடியும் நிறைந்தன. கொல்லன் மகனுக்கும் தட்டான் மகனுக்கும் வேறு பிழைப்புத் தேடுவதே அறிவுடைமையாயிற்று.

இந்நிலை கண்டு இரங்கியோர் அவர்க்கு முன்னும் இருந்தனர். 1882-இலேயே கண்டிக் கலைச் சங்கம் தோன்றிவிட்டது. வேலை செய்வார்க்குப் பொருளும், செய்த பொருளுக்குச் சந்தையும் தேடித்தர அது முயன்றது. இன்றும் வாவிக்கரையில் அதன் மண்டபத்தைக் காணலாம். ஆனால் குமாரசுவாமி அவர்களின் நோக்கு இன்னும் ஆழமானது. பொருளை வாங்குவோர் உல்லாசப் பயணிகள் மட்டுமேயானால், செய்பவன் அவர்தம் மனம்போலவே செய்யத் தொடங்குவான் என்பதையும், தன் ஊரார்க்கு வேண்டாத கலை நெடுநாள் வாழாது என்பதையும் அவர் உணர்ந்தார்.

ஆகவே அவர் 1905-இல் கண்டிப் பிரதானிகளுக்குப் பகிரங்கக் கடிதமொன்று வரைந்தார். பழைய விகாரைகளும் அம்பலங்களும் சிதைவதையும், திருத்துகிறோம் என்ற பெயரால் தொன்மையான வேலைப்பாடு அழிக்கப்படுவதையும் எடுத்துக்காட்டி, முன்னோர் தேடிய செல்வத்தைக் காக்கும் கடமை அவர்களுடையதே என்று இடித்துரைத்தார். அரசாங்கத்தைக் குறை கூறுவதோடு அவர் அமையவில்லை. மண்ணுக்குரியவரையே முதலில் வினவினார். இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கத்தை அமைத்ததும் இக்காலத்திலேதான். அச்சங்கத்தின் ஏடு 1906-இல் வெளிவரத் தொடங்கியது. ஐரோப்பியரைச் சிந்தனையின்றிப் பின்பற்றுதல் தகாது, பிள்ளைகள் தமிழையும் சிங்களத்தையும் முறையாகக் கற்றல் வேண்டும் என்பன அவர் வற்புறுத்திய கொள்கைகள். தாய்மொழிக் கல்வியை நாம் கேட்பதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, தந்தையின் மொழியைக் கேட்டு வளரும் பேறு பெறாத ஒருவர் அதனைக் கேட்டார் என்பது என் நெஞ்சை என்றும் உருக்கும்.

இம்மூன்றாண்டு உழைப்பின் கனியே இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது பெருநூல். அச்சிட்ட வரலாறே ஒரு கதையாகும். இங்கிலாந்தில் புரோட் கம்டன் என்னும் சிற்றூரில், பழைய கோயிற் கட்டடமொன்றை இல்லமாக்கிக்கொண்டு, அங்கேயே அச்சுப்பொறியை நிறுவினார். வில்லியம் மொறிஸ் என்னும் கலைஞர் தம் புகழ்பெற்ற சோசர் பதிப்பை அச்சிட்ட கைப்பொறி அது. 1907 செப்டெம்பரிலிருந்து 1908 டிசெம்பர் வரை பதினைந்து மாதங்கள் வேலை நடந்தது. படிகள் 425 மட்டுமே. கைத்தொழிலைப் போற்றும் நூலைக் கைத்தொழிலாகவே செய்து முடித்தார்.

கட்டடம், மரவேலை, கல்வேலை, தந்தவேலை, உலோகவேலை, ஓவியம், மட்பாண்டம், நெசவு, பாய் முடைதல் ஆகிய யாவும் அந்நூலில் இடம்பெறுகின்றன. சித்திரிக்கப்பட்ட பொருள்களோடு அவற்றைச் செய்தோரும் அதில் வாழ்கின்றனர். எந்த நிலத்தை எந்த ஊழியத்துக்காக அனுபவித்தனர், எவ்வாறு கூலி பெற்றனர், சிலைக்குக் கண் திறக்கும் சடங்கை எவ்வாறு நடத்தினர், தொழில் நூல்களை எவ்வாறு மனனம் செய்தனர் என்பனவெல்லாம் எழுதப்பட்டுள்ளன. தெகல்தொறுவைக் குகை விகாரையின் சுவரோவியங்களைப் பார்க்கச் செல்லும் மாணவர் இன்றும் இந்நூலை விட்டொழிக்க இயலாது. அவர் ஆராய்ந்த கண்டி வட்டாரத்துக் கோயில்களுள் இன்னொரு பாடமும் உண்டு. 1344-இல் எழுந்த கடலாதெனிய விகாரையைக் கட்டுவித்த தலைமைச் சிற்பி கணேசுவராசாரி என்னும் தென்னிந்தியர். அதே காலத்து இலங்காதிலக விகாரைப் பாறையில் சிங்களச் சாசனத்தோடு தமிழ்ச் சாசனமும் இருக்கிறது. இவ்விரு மக்களின் கைகளும் ஒரே கல்லில் உளி பிடித்த காலம் ஒன்றிருந்தது. சிங்களக் கலைக்கு அதன் முதற்பெரும் வரலாற்றைத் தமிழ்த் தந்தையின் மைந்தர் எழுதியதும் அம்மரபின் தொடர்ச்சியே என்று நான் கொள்கிறேன்.

குறையும் கூறவேண்டும். அந்தப் பழைய சமுதாயத்தை அவர் அன்பு மிகுதியால் சற்றே பொன்னிறமாகத் தீட்டிவிட்டார். நிலத்துக்காகச் செய்த ஊழியத்தில் கலையின் அமைதி இருந்தது போலவே குலத்தின் தளையும் இருந்தது. வேறு தொழில் நாட விரும்பிய தட்டான் மகனின் மனத்தை அந்நூலில் நான் தேடிக் கண்டேனில்லை. ஆயினும், கைவினைஞனை வறிய கூலியாளாக மட்டுமே கண்ட காலத்தில், அவனை அறிவுடையவனாக, ஒரு மரபின் புலவனாகக் கண்டவர் அவர். அக்கண்ணின் முன்னே இக்குறை பெரிதன்று.

பின்னைய வாழ்வை யாவரும் அறிவர். இந்தியா சென்றார், தாகூர் குடும்பத்தாரோடு உறவு பூண்டார், 1910-11-இல் அலகாபாத்தில் நடைபெற்ற பெருங்கண்காட்சியின் கலைப்பகுதியைப் பொறுப்பேற்று நடத்தினார். சிவபெருமானின் திருநடனம் பற்றிய கட்டுரையை 1912-இல் சென்னைச் சித்தாந்த தீபிகையில் எழுதினார். தில்லைக் கூத்தனின் வடிவம் மேனாட்டார் உள்ளத்தில் குடிபுகுந்தது அக்கட்டுரையாலேயே. தாம் திரட்டிய அரிய ஓவியங்களைக் கொண்டு காசியில் தேசியக் கலைக்கூடமொன்று அமைக்க விரும்பினார். அதற்கு வேண்டிய பொருளும் ஆதரவும் கிட்டவில்லை. 1917-இல் அச்செல்வம் அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலைக் கூடத்தைச் சேர்ந்தது. அதன் காவலராக அவரும் சென்றார். கிராமத்துக் கலை கிராமத்திலேயே வாழவேண்டும் என்று போராடியவர், முப்பதாண்டுக்காலம் கண்ணாடிப் பேழைகளின் நடுவே கடமையாற்ற நேர்ந்ததை விதி என்பதா, நம் கவனமின்மை என்பதா?

ஆனால் அங்கிருந்தும் அவர் அக்கேள்வியை விடவில்லை. கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்பதையே தலைப்பாக்கி 1943-இல் நூலொன்று வெளியிட்டார். கண்டியில் பல்லே வாகல திறக்கப்பட்டதற்கு அடுத்த ஆண்டு அது! அவர் முடிபை என் சொல்லில் கூறுகிறேன். நூதனசாலை வேடிக்கைக்குரிய இடமன்று, கல்விக்குரிய இடம். பயனிலிருந்து பிரிக்கப்பட்ட பொருள் அங்கே அகதியாக வந்து சேர்கிறது. அதன் அழகை வியப்பது போதாது. எதற்காகச் செய்தார்கள், எந்த எண்ணத்தோடு செய்தார்கள் என்பதை உணரவேண்டும். உயிரோடிருக்கும் கலைஞனின் படைப்புக்கோ நூதனசாலை இடமன்று. அதற்குரிய இடம் நம் வீடும் கோயிலும் வீதியுமே.

1947 ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தபோது, இந்தியா திரும்பி இமயச் சாரலில் ஒடுங்கி வாழப் போவதாக அன்பர்களிடம் அறிவித்தார். அது கைகூடவில்லை. செப்டெம்பர் 9-ஆம் நாள், பொஸ்ரனுக்கு அண்மையிலுள்ள நீடம் என்னும் ஊரில் தம் இல்லத்தில் மறைந்தார். பாரதம் விடுதலை பெற்று நான்கு வாரங்கள்கூட ஆகவில்லை. பிறந்த இலங்கையின் விடுதலையைக் காண அவர் இருக்கவில்லை. கண்டிக் கலை பற்றிய நூல் 1956-இல் மறுபதிப்புக் கண்டது, அதுவும் அமெரிக்காவிலேயே.

அச்சிறுவனுக்கு நான் தரவேண்டிய விடை இப்போது தெரிகிறது. அடுத்த முறை மாணவரை அழைத்துச் செல்லும்போது நூதனசாலையோடு திரும்பமாட்டேன். நத்தரம்பொத்தைக் கம்மியரின் பட்டறைக்கும், தும்பறைப் பாய் நெய்யும் ஊருக்கும் அவர்களை அழைத்துச் செல்வேன். பேழையுள் கண்டதை உயிருள்ள கையிலே காணட்டும். இயலுமானால் வீட்டில் வழங்குவதற்கென்று ஒன்றை உரிய விலை கொடுத்து வாங்கட்டும். அந்தக் கரண்டகத்தைப் பூட்டி வைத்திருப்பது, அதுபோல் இன்னொன்று செய்யும் கை இருக்கிறதா என்று நம்மைத் தேட வைப்பதற்காகவே என்று அப்பிள்ளையிடம் சொல்வேன். கலாயோகிக்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவாகவே இருக்கட்டும்.