துப்பறியும் சாம்புவைப் படைத்த தேவன்

பாண்டிய மன்னன் தீர ஆராயாமல் வழங்கிய தீர்ப்பினால் குற்றமற்ற கோவலன் மதுரையில் உயிரிழந்தான். சிலம்பினுள் இருந்தவை முத்துகளா மாணிக்கங்களா என்பதை முன்னரே நோக்கியிருப்பின், உண்மை வெளிப்பட்டிருக்கும். சிறு தடயமும் ஓர் உயிரைக் காக்கவல்லது. இதனை உணர்த்துபவை துப்பறியும் கதைகள். அத்தகைய கதைகளில் நகைச்சுவையைக் கலந்து தமிழ் மக்களை மகிழ்வித்தவர் தேவன்.

மகாதேவன் என்னும் இயற்பெயருடைய இவர், 1913ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 8ஆம் நாள் திருவிடைமருதூரில் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் சாரணர் தலைவர் கூறிய கதைகள் இவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. கும்பகோணம் அரசினர் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றபின், சிறிது காலம் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் ஆனந்த விகடனில் சேர்ந்து, அதன் நிர்வாக ஆசிரியராக உயர்ந்தார்.

ஆங்கில எழுத்தாளர் அகதா கிறிஸ்டி படைத்த மிஸ் மார்ப்பிள் என்னும் முதியவள், சிற்றூரில் அமைதியாக வாழ்பவள்; அண்டை அயலாரின் இயல்பை நன்கறிந்து, அவ்வறிவினாலேயே கொலையாளியைக் கண்டுபிடிப்பவள். ஷெர்லக் ஹோம்ஸோ கூரிய மதியினால் குற்றவாளியைக் காண்பவர். தேவன் 1942இல் எழுதத் தொடங்கிய கதைகளின் தலைவனான சாம்பு, இவ்விருவருக்கும் முற்றிலும் மாறானவன். அவன் ஒரு வங்கிக் குமாஸ்தா. அசடன் என்று பிறரால் இகழப்பட்டவன். அவன் அறியாமற் செய்யும் பிழையே குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும். உலகமோ அவனை மேதை எனப் போற்றும்! வாசகர் வாய்விட்டுச் சிரித்தனர். எனினும் எவர் மனமும் புண்படவில்லை. எள்ளி நகையாடப்பட்ட எளியவன் ஒருவன் ஏற்றம் பெறுவதைக் கண்டு மகிழ்ந்தனர்.

தேவன் சிரிப்பை மட்டும் நாடியவர் அல்லர். கொலை வழக்கொன்றின் விசாரணையைச் சித்திரிக்கும் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ என்னும் நாவலில், சான்றுகளைச் சீர்தூக்கிப் பார்த்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்பதைக் காட்டினார். அங்கே ஊகத்திற்கு இடமில்லை. தீர்ப்பை எதிர்நோக்கி நிற்பது ஒரு மனித உயிர் அன்றோ?

தேவன் 1957ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், தமது நாற்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். இவருடைய தொடர்கதைகள் பல அதன் பின்னரே நூல்வடிவம் பெற்றன. சாம்புவோ பின்னாளில் சித்திரக் கதையிலும் தொலைக்காட்சியிலும் தோன்றிப் புதிய தலைமுறையினரையும் மகிழ்வித்தான். தோற்றத்தைக் கண்டு ஒருவரை இகழ்தலும், ஆராயாது ஒருவர்மீது பழி சுமத்துதலும் தகா என்பதே இவர் கதைகள் நகைப்பினூடே புகட்டும் பாடமாகும்.