குருதியின் மறை அறிந்த அறிஞர்

குருதி மிகுதியாக வடிந்து உயிருக்கு மன்றாடும் ஒருவனுக்கு, நலத்தோடு வாழும் மற்றொருவனின் குருதியைச் செலுத்தினால் அவன் பிழைப்பான் அல்லவா? இவ்வெண்ணம் மருத்துவர்களின் உள்ளத்தில் நெடுங்காலம் இருந்து வந்தது. 1667-ஆம் ஆண்டில் பாரிசு மாநகரில் டெனி என்னும் மருத்துவர் ஆட்டுக்குட்டியின் குருதியை ஒரு சிறுவனின் உடலிற் செலுத்தினார். அவன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அவரிடம் குருதி பெற்ற வேறொருவன் இறந்துபடவே வழக்கு மூண்டது. முடிவில் அம்முறையே பிரான்சு நாட்டில் தடை செய்யப்பட்டது. ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1818-இல், இலண்டனில் பிளண்டெல் என்பார் மனிதரின் குருதியை மனிதருக்கே கொடுத்துப் பார்த்தார். மகப்பேற்றின்போது குருதி இழந்து தாய்மார் மடிவதைக் கண்டு மனம் பொறாமல் அவர் இம்முயற்சியில் இறங்கினார். அவரிடம் குருதி பெற்றோருட் சிலர் உயிர் மீண்டனர், சிலர் மாண்டனர். ஒருவரை வாழ்வித்த குருதி மற்றொருவரைக் கொன்றது ஏன்? இவ்வினாவுக்கு விடை கூறுவார் எவரும் இலர். ஆகவே மருத்துவர்கள் அஞ்சி அம்முறையைக் கைவிட்டனர்.

அவ்விடையைக் கண்டவர் கார்ல் லாண்ட்ஸ்டைனர். அவர் 1868-ஆம் ஆண்டு சூன் திங்கள் 14-ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டில் பிறந்தார். தந்தையார் லியோபோல்டு வியன்னா நகரில் புகழ்பெற்ற செய்தித்தாள் ஆசிரியர். ஆயினும் கார்ல் சிறு பிள்ளையாக இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். அன்னையார் ஃபேனியே மகனை ஆளாக்கினார். அவ்வன்னையிடம் மகன் கொண்டிருந்த அன்புக்கு எல்லை இல்லை. அவர் மறைந்தபோது அவர்தம் முகத்தை அச்செடுத்து அமைத்த உருவத்தைத் தம் அறைச் சுவரில் மாட்டி, தம் வாழ்நாள் இறுதிவரை போற்றி வந்தார். அதிகம் பேசாதவர், கூட்டத்தை விரும்பாதவர் என்று பெயர் பெற்ற அவரிடம் இத்தகைய உருக்கம் இருந்ததைப் பலர் அறியார்.

வியன்னாப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1891-இல் அவர் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற மருத்துவர் நோயாளிகளை நாடிச் செல்வதே உலக வழக்கு. அவரோ வேதியியலை நாடிச் சென்றார். எமில் ஃபிஷர் முதலிய பேரறிஞர்களின் ஆய்வுக்கூடங்களில் ஐந்தாண்டுகள் மாணவராக அமர்ந்து பயின்றார். நோயும் நோய் நீக்கமும் உடலில் நிகழும் வேதி மாற்றங்களே என்பது அவர் துணிபு. மருத்துவர்கள் இவர் வேதியியலார் என்று ஒதுக்கவும், வேதியியலார் இவர் மருத்துவர் என்று ஒதுக்கவும் இதுவே பிற்காலத்தில் இடந்தந்தது. எனினும் அந்த ஐந்தாண்டுப் பயிற்சி இல்லையேல் அவருடைய பின்னாளைய அருஞ்செயல்களுள் பாதி நிகழ்ந்திராது.

பின்னர் வியன்னாவுக்கு மீண்ட அவர், பல்கலைக்கழகத்தின் நோய்க்கூற்று நிலையத்தில் உதவியாளராக அமர்ந்தார். இறந்தோரின் உடலை அறுத்து நோயின் காரணத்தைக் காண்பதே அங்கு அவர் பணி. பத்தாண்டுக் காலத்தில் 3,639 உடல்களை அவர் ஆய்ந்தார். ஊதியம் சிறிது, உழைப்போ பெரிது. அப்பணிக்கிடையே கிடைத்த பொழுதில்தான் குருதியைப் பற்றிய ஆய்வும் நடந்தது.

குருதியைக் கண்ணாடிக் குழாயில் சிறிது நேரம் வைத்தால் அது உறைந்து, மேலே வைக்கோல் நிறத் தெளிநீர் பிரியும். இதனைச் சீரம் என்பர். ஒருவரின் சீரத்தில் மற்றொருவரின் செவ்வணுக்களைக் கலந்தால் சில வேளைகளில் அணுக்கள் திரண்டு கட்டி கட்டியாகும். நோயுற்றோரின் குருதியில் இது நிகழ்வதை முன்னரே பலர் கண்டிருந்தனர். நோயே அதற்குக் காரணம் என்று எண்ணி அவர்கள் அப்பாற் சென்றனர். லாண்ட்ஸ்டைனர் அவ்வாறு செல்லவில்லை. நோயற்றவரிடத்தும் இது நிகழுமா என்று அறிய விரும்பினார். தம்முடைய குருதியையும், தம்மோடு பணிபுரிந்த ஐவரின் குருதியையும் எடுத்தார். ஒவ்வொருவரின் சீரத்தையும் ஒவ்வொருவரின் செவ்வணுக்களோடும் மாறி மாறிக் கலந்தார். விளைவை ஒரு சிறு கட்டத்தில் குறித்தார். பிறகு மேலும் பலரின் குருதியையும் சேர்த்து 22 பேரிடம் இதனைச் செய்து பார்த்து, 1901-ஆம் ஆண்டில் முடிபை வெளியிட்டார்.

அவர் செய்த கருவி எதுவும் இல்லை. செலவழித்த பொருளும் இல்லை. சில கண்ணாடிக் குழாய்களும், கூட்டல் கழித்தல் குறியிட்ட ஒரு கட்டமுமே அவ்வாய்வின் முழுச் சொத்து. ஆனால் அக்கட்டத்தில் ஓர் ஒழுங்கு இருந்தது. சிலருடைய சீரம் வேறு சிலருடைய அணுக்களைத் திரட்டியது. ஆனால் எவருடைய சீரமும் தம் சொந்த அணுக்களைத் திரட்டவில்லை. எனவே மனிதரின் குருதி ஒரே தன்மையுடையது அன்று. அதில் வகைகள் உண்டு என்று அவர் தெளிந்தார். அவற்றுக்கு ஏ, பி, சி எனப் பெயரிட்டார். சி என்பதே பின்னர் ஓ என வழங்கலாயிற்று. அவருடைய குருதியும் அவ்வகையைச் சார்ந்ததே. ஏபி என்னும் நான்காம் வகையை அவருடைய தோழர்களான தெகாஸ்தெல்லோவும் ஸ்தூர்லியும் 1902-இல் கண்டனர். ஏ வகையினரின் சீரத்தில் பி அணுக்களைத் திரட்டும் எதிர்ப்பொருள் இருக்கும். பி வகையினரின் சீரத்தில் ஏ அணுக்களைத் திரட்டும் எதிர்ப்பொருள் இருக்கும். பொருந்தா வகையைச் செலுத்தினால் அணுக்கள் உடலுக்குள்ளேயே திரண்டு சிதையும், சிறுநீரகம் பழுதுறும், உயிரும் போகும். பிளண்டெலின் நோயாளிகளுட் சிலர் வாழ்ந்ததற்கும் சிலர் மாண்டதற்கும் உரிய காரணம் இவ்வாறு வெளிப்பட்டது.

இத்துணைப் பெரிய உண்மையை உலகம் உடனே வரவேற்றிருக்கும் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை. 1907-இல் நியூயார்க்கு நகரில் ஆட்டன்பர்க் என்னும் மருத்துவர் வகை பார்த்துக் குருதி கொடுக்கத் தொடங்கினார். எனினும் 1914-இல் முதல் உலகப் போர் மூண்டு, காயமுற்ற வீரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்த பிறகே அம்முறை பரவிற்று.

லாண்ட்ஸ்டைனரோ அதற்குள் வேறு துறைகளிற் புகுந்திருந்தார். 1908-இல் இளம்பிள்ளை வாதத்தால் இறந்த ஒரு சிறுவனின் தண்டுவடத்திலிருந்து எடுத்த சாற்றை அவரும் பாப்பர் என்பவரும் இரண்டு குரங்குகளுக்குச் செலுத்தினர். குரங்குகளுக்கும் அந்நோய் கண்டது. சாற்றில் பாக்டீரியம் எதுவும் தென்படவில்லை. ஆகவே நுண்பெருக்கிக்கும் புலப்படாத வைரசே அந்நோய்க்குக் காரணம் என்னும் கருத்துக்கு இது வழி திறந்தது.

போர் முடிந்தபோது வியன்னா நொடிந்து கிடந்தது. உணவு இல்லை, குளிர்காய விறகு இல்லை. 1916-இல் மணம் புரிந்துகொண்ட அவருக்கு அப்போது ஒரு கைக்குழந்தையும் இருந்தது. பேராசிரியர் என்னும் பட்டம் 1911-இலேயே கிடைத்திருந்தது. அதற்குரிய ஊதியம் மட்டும் கிடைக்கவில்லை. ஐம்பது வயதைக் கடந்த அறிஞர் தாய்நாட்டைத் துறந்து, 1919-இல் ஆலந்து நாட்டின் ஹேக் நகரிலிருந்த ஒரு சிறு மருத்துவமனையிற் பணியேற்றார். நோயாளிகளின் சிறுநீரையும் குருதியையும் நாள்தோறும் சோதிப்பதே அங்கு அவருக்குரிய வேலை. அந்த நெருக்கடியிலும் அவர் ஆய்வை விடவில்லை. 1920-களின் தொடக்கத்தில் நியூயார்க்கிலுள்ள ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையம் அவரை அழைத்துக்கொண்டது.

குருதி வகையைக் கண்டதே அவருடைய தலைசிறந்த செயல் என்பது உலகின் கருத்து. அவரோ மற்றோர் ஆய்வையே உயர்வாகக் கருதினார் என்பர். எதிர்ப்பொருள் தன் இலக்கை எவ்வாறு அடையாளம் காண்கிறது என்பதே அவ்வாய்வு. எளிய வேதிப்பொருள் ஒன்றைப் புரதத்தோடு பிணைத்து முயலின் உடலிற் செலுத்தினால், முயல் அவ்வேதிப்பொருளுக்கே உரிய எதிர்ப்பொருளை உண்டாக்கும். தனித்து நின்றால் எதிர்ப்பொருளைத் தோற்றுவிக்க மாட்டாத அச்சிறு பொருளுக்கு 'ஹாப்டன்' என்று அவர் பெயரிட்டார். மூலக்கூறில் ஓர் அணுக்கூட்டம் ஓரிடம் தள்ளி அமைந்தாலும் எதிர்ப்பொருள் அவ்வேற்றுமையை உணர்ந்துகொண்டது. புளியிற் காணப்படும் டார்ட்டாரிக் அமிலத்தை நாம் அறிவோம். அதற்கு வலக்கை இடக்கை போல ஒன்றன் நிழலாக மற்றொன்று அமைந்த இரு வடிவங்கள் உண்டு. அவ்விரண்டையும் எதிர்ப்பொருள் பிரித்தறிந்தது. வேதியியலார் பல நாள் உழைத்துப் பிரிக்கும் இரு பொருள்களை ஒரு முயலின் சீரம் சிறிது நேரத்தில் பிரித்துக் காட்டியது.

இதன் பயன் அவர் காலத்துக்குப் பின்னரே பெருகிற்று. பூட்டுக்கு ஏற்ற சாவி போல ஒரு பொருளை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைக் கொண்டு அப்பொருளின் அளவையும் காணலாம் அல்லவா? பெர்சன், யாலோ என்னும் இருவர் கதிரியக்கத்தின் துணையால் குருதியிலுள்ள இன்சுலினை இவ்வழியே 1950-களின் இறுதியில் அளந்தனர். 1971-இல் ஸ்டாக்ஹோமில் எங்வால், பெர்ல்மன் என்போர் கதிரியக்கப் பொருளுக்கு மாற்றாக நொதியைப் பயன்படுத்தினர். இன்று ஆய்வுக்கூடங்களில் வழங்கும் சோதனைப் பெட்டிகள் இவ்வழி வந்தவை.

குருத்தெலும்பைச் சான்றாகக் காண்போம். முழங்கால் மூட்டில் எலும்போடு எலும்பு உராயாதவாறு வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியுள்ளது. அது தேயத் தொடங்குங்கால் எக்ஸ் கதிர்ப் படத்திலும் எளிதிற் புலப்படுவதில்லை. ஆயினும் குருத்தெலும்பில் 'காம்ப்' எனச் சுருக்கமாக வழங்கும் ஒரு புரதம் உண்டு. ஐந்து காம்புகளை அடியிற் கட்டிய பூங்கொத்துப் போன்றது அதன் வடிவம். குருத்தெலும்பு சிதையும்போது அப்புரதம் மூட்டு நீரிற் கசிந்து, அங்கிருந்து குருதியிற் கலக்கும். ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் ஏறத்தாழ 70 மில்லிகிராம் புரதங்கள் கலந்து நிற்கின்றன. காம்ப் அவற்றுள் துளியினும் துளி. மலைபோன்ற அக்கலவையில் அதை எவ்வாறு தேடுவது?

சோதனைப் பெட்டியில் 96 சிறு குழிகள் கொண்ட தட்டு ஒன்று இருக்கும். குழிகளின் அடியில் காம்பை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். அதில் நோயாளியின் சீரத்தை விட்டுச் சிறிது நேரம் வைப்பர். காம்ப் அடியிற் சிக்கிக்கொள்ளும். ஏனைய புரதங்கள் கழுவும்போது போய்விடும். பின்னர், நொதி பிணைத்த இரண்டாம் எதிர்ப்பொருளை விடுவர். அது சிக்கிய காம்பின் மறுபுறத்தைப் பற்றும். மீண்டும் கழுவி, நொதியால் நிறமாறும் நீர்மத்தை ஊற்றினால் குழியில் நிறம் தோன்றும். காம்ப் மிகுந்தால் நிறமும் மிகும். அளவு தெரிந்த காம்ப் கரைசல்களையும் அதே தட்டில் வைத்து, அவற்றின் நிறத்தோடு ஒப்பிட்டு அளவைக் கணிப்பர். நெடுந்தொலைவு ஓடியவரிடத்தும் இப்புரதம் சிறிது நேரம் உயர்ந்து காணும். ஆகையால் இவ்வெண் ஒன்றை மட்டும் கொண்டு மருத்துவர் மூட்டு நோயை முடிவு செய்வதில்லை. வியன்னாவில் ஆறு பேரின் குருதியை மாறி மாறிக் கலந்து கூட்டல் கழித்தல் குறியிட்ட கட்டத்துக்கும் இந்தத் தொண்ணூற்றாறு குழிகளுக்கும் உள்ள உறவு நோக்கத்தக்கது.

1930-ஆம் ஆண்டில், குருதி வகைகளைக் கண்டமைக்காக லாண்ட்ஸ்டைனருக்கு மருத்துவத்துக்குரிய நோபல் பரிசு கிடைத்தது. ஆய்வு வெளிவந்து அப்போது 29 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1939-இல் பணியினின்று ஓய்வு பெற்ற பின்னும் அவர் ஆய்வுக்கூடத்துக்கு நாள்தோறும் வந்தார். 1940-இல் அவரும் வீனர் என்பவரும் ரீசஸ் குரங்கின் குருதியைக் கொண்டு செய்த ஆய்வால் ஆர்எச் காரணியை வெளியிட்டனர். ஏ, பி, ஓ வகை பொருந்தியும் சிலர் இடருற்றது ஏன் என்பதும், சில தாய்மாரின் சிசுக்கள் கருவிலேயே குருதி சிதைந்து மடிவது ஏன் என்பதும் இதனால் விளங்கின. அப்போது அவர் எழுபது வயதைக் கடந்திருந்தார்.

அவருடைய இறுதி ஆண்டுகள் துயரம் மிக்கவை. வாழ்க்கைத் துணைவியாரைப் புற்றுநோய் பற்றியது. எதிர்ப்பொருள்களின் தன்மை குறித்துத் தாம் முன்னர் எழுதிய நூலைப் புதுப்பிக்கும் பணியும் கையில் இருந்தது. 1943-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஒரு நாள், உறிஞ்சுகுழலைக் கையிற் பிடித்து வேலை செய்துகொண்டிருக்கையில் அவருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. இரு நாள் சென்றபின், 26-ஆம் நாள், அவ்வாய்வு நிலையத்தின் மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். அவ்வாண்டு முடிவதற்குள் துணைவியாரும் மறைந்தார். திருத்திய நூல் 1945-இல் வெளிவந்தது.