நீரில் நிமிர்ந்த நங்கை

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்திலுள்ள வாட்டர்ஃபோர்டு என்னும் ஊரில், 1902-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் எதெல்டா பிளைப்ட்ரி பிறந்தார். அவர் நம் வயதை எட்டிய காலத்தில் அந்நாட்டை இளம்பிள்ளை வாதம் ஆட்டிப் படைத்தது. 1916-இல் நியூயார்க் நகரில் மட்டும் 2,000-க்கும் மேற்பட்டோர் அந்நோயால் மாண்டனர்; பெரும்பாலோர் சின்னஞ்சிறு குழந்தைகள். தடுப்பு மருந்து வருவதற்கோ இன்னும் 39 ஆண்டுகள் இருந்தன. எதெல்டாவையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. உயிர் பிழைத்தார், ஆனால் முதுகெலும்பு வளைந்துவிட்டது.

தோழியரே, அவர் நீச்சலுக்குச் சென்றது பதக்கத்தை நாடி அன்று, முதுகு நேராக வேண்டும் என்பதற்காகவே. தண்ணீரில் உடலின் பாரம் குறைகிறது. ஆகவே தரையில் நோகும் முதுகுக்கு அங்கே ஓய்வும் கிடைக்கிறது, வேலையும் கிடைக்கிறது. அவருடைய தோழி சார்லட் பாயில் ஏற்கெனவே நீந்திக்கொண்டிருந்தார். அந்தத் துணையே பாதி மருந்தாக இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

சார்லட் எப்ஸ்டீன் என்னும் பெண்மணி 1917-இல் நியூயார்க்கில் மகளிர் நீச்சல் சங்கம் ஒன்றைத் தொடங்கியிருந்தார். அங்கே லூயி ஹேண்ட்லி என்பவர் ஊதியம் பெறாமல் பயிற்சி அளித்தார். கைகள் இரண்டும் ஒரு சுற்று சுற்றி வருவதற்குள் கால்கள் ஆறு முறை உதைக்க வேண்டும் என்பது அவர் கற்பித்த முறை. உதை முழங்காலிலிருந்து அல்ல, இடுப்பிலிருந்து வர வேண்டும். ஒரு பக்கம் சோர்ந்தாலும் உடல் கோணலாகத் திரும்பிவிடும். நோயுற்று எழுந்த முதுகுக்கு இது எளிதாகவா இருந்திருக்கும்? நெடுந்தூர நீச்சலிலாவது பின்தங்கினால் ஈடுகட்ட இடமுண்டு. நூறு மீட்டரில் அதற்கு நேரமே இல்லை. ஒவ்வோர் உதையும் சரியாக அமைய வேண்டும்.

1919-ஆம் ஆண்டிலேயே, 1912 ஒலிம்பிக்கில் வென்ற ஆஸ்திரேலிய வீராங்கனை ஃபேனி டுராக்கை அவர் தோற்கடித்தார். அதே ஆண்டு நியூயார்க்கின் மன்ஹாட்டன் பீச் கடற்கரையில் காலுறைகளைக் கழற்றிவிட்டு நீந்தியதற்காகக் கைது செய்யப்பட்டார்! அக்காலத்தில் பெண்கள் கடலில்கூடக் காலுறையோடுதான் இறங்க வேண்டும். நனைந்த துணி காலை இழுக்கும்போது ஆறு உதை எங்கே உதைப்பது? மக்கள் அவர் பக்கமே நின்றனர்.

1920-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அமெரிக்கர்கள் கப்பலிலேதான் செல்ல வேண்டும். பயணத்தில் பயிற்சி விட்டுப்போகாதிருக்க, மேல்தளத்தில் கித்தான் துணியால் தொட்டி கட்டி, கடல்நீர் நிரப்பி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நீந்தினார்கள். போய்ச் சேர்ந்த இடத்திலோ நீச்சற்குளம் என்பது கோட்டை அகழியில் அமைந்த கரிய, குளிர்ந்த நீர்தான்.

அந்த நீரில் எதெல்டா ஐந்து முறை நீந்தினார். 100 மீட்டரை 1 நிமிடம் 13.6 விநாடிகளிலும், 300 மீட்டரை 4 நிமிடம் 34 விநாடிகளிலும் கடந்து வென்றார். 4×100 மீட்டர் தொடர் நீச்சலிலும் அவருடைய அணிக்கே தங்கம். மூன்றிலும் உலக சாதனை. நீச்சலில் ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் அமெரிக்கப் பெண் இவரே. மல்லாந்து நீந்துவதிலும் இவர் இணையற்றவர். ஆனால் பெண்களுக்கு அப்போட்டி 1924-இல்தான் சேர்க்கப்பட்டது. நான்காவது தங்கம் போயிற்றே என்று நமக்குத்தான் ஆற்றாமை!

1922-இல் அவர் தொழில்முறை வீராங்கனையானார். நகரத்தில் மக்கள் நீந்துவதற்குப் போதிய குளங்கள் இல்லை என்பதைக் காட்ட, 1928-இல் சென்ட்ரல் பார்க் நீர்த்தேக்கத்தில் குதித்து, ஓர் இரவு சிறையிலும் இருந்தார். பின்னாளில் செவிலியராகப் பணியாற்றினார். தம்மைப் போலவே நோயால் உடல் நலிந்த குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தார். 1978-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் ஃபுளோரிடாவில் தமது 76-ஆம் வயதில் காலமானார்.