ஜப்பானியப் படம் கற்றுத் தந்த ‘அந்த நாள்’

ரிங்லெட், தானா ராத்தா பக்கம் ஜப்பான் என்று பேச்செடுத்தால், வீட்டுப் பெரியவர்களின் நினைவு சயாம் மரண ரயிலுக்குத்தான் போகும். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோன ரயில் பாதை அது. போர் முடிந்து பத்தாண்டுகூட ஆகாத நிலையில், அதே ஜப்பானின் ஒரு படத்தைப் பார்த்து வியந்து, தமிழில் புதுவழி கண்டவர் எஸ். பாலச்சந்தர். இயக்குநர் கே. பாலசந்தர் அல்ல, இவர் வீணை பாலச்சந்தர்.

1927 ஜனவரி 18இல் சென்னையில் பிறந்தார். ஏழு வயதில் ‘சீதா கல்யாணம்’ படத்தில் தோன்றினார். அதில் ராமனாக நடித்தவர் அண்ணன் ராஜம். வீணையைக் குருவிடம் போகாமல் தானே பயின்றார். 1948இல் ‘என் கணவர்’ படத்தை இயக்கியபோது அவருக்கு வயது 21.

1950களின் தொடக்கத்தில் ஒரு திரைப்பட விழாவில் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ பார்த்தார். ஒரே மரணத்தை ஒவ்வொருவரும் வேறு விதமாகச் சொல்லும் கதை. 1951இல் வெனிஸ் விழாவின் முதல் பரிசு பெற்றது. அந்தத் தாக்கத்தில் அவர் எழுதிய நாடகத்தை வானொலி நிராகரித்தது. ஏவி. மெய்யப்பன் அதையே படமாக்கினார்.

‘அந்த நாள்’ 1954 ஏப்ரல் 13இல் வெளிவந்தது. பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டையும் இல்லை. தொடக்கத்திலேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். 1943 அக்டோபரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு போட்ட சமயத்தில் நடக்கும் கதை. இறந்தவர் ஒரு வானொலிப் பொறியாளர். நாட்டின் ரகசியங்களை ஜப்பானுக்கு விற்றவர். அண்டை வீட்டுக்காரர், உடன்பிறந்தவர், மனைவி என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். குரோசாவா உண்மையைப் புதிராகவே விட்டார். பாலச்சந்தரோ முடிச்சை அவிழ்த்தார். கொன்றது யார் என்பதை, பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விடுவதே நியாயம்.

ஜப்பானியரிடம் கலையைக் கற்றுக்கொண்டு, அவர்களுக்கு நாட்டை விற்றவனைக் குற்றவாளியாக நிறுத்தினார் என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

பாட்டில்லாத படத்தை ரசிகர்கள் முதலில் ஏற்கவில்லை. தேசிய விருதில் நற்சான்றிதழ் கிடைத்து மறுபடி திரையிட்டபோதுதான் வரவேற்பு வந்தது.

பின்னர் ‘பொம்மை’யில் ஜேசுதாஸைத் தமிழில் பாட வைத்தார். 1970இல் வெளியான ‘நடு இரவில்’ படத்துக்குப் பிறகு வீணையே அவர் உலகமானது. 1982இல் பத்மபூஷண் கிடைத்தது. 1990இல் பிலாய் நகரில் காலமானார். அன்றும் ஏப்ரல் 13.