தேனீயின் மொழியறிந்த பேரறிஞர்

1886-இல் வியன்னாவில் பிறந்த கார்ல் வான் ஃபிரிஷ், மியூனிக் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக விளங்கினார். தேனீக்கு நிறம் தெரியாது என்ற மூத்த அறிஞரின் கருத்தை, வண்ண அட்டைகளையும் சர்க்கரை நீரையும் கொண்டே இளமையில் தகர்த்தவர் அவர்.

1941-இல், தாய்வழிப் பாட்டி யூத மரபினர் என்பதைக் காட்டி, நாஜி ஆட்சி அவரது பதவியைப் பறிக்க முனைந்தது. அவ்வேளையில் கொடிய நோயொன்று தேனீக்களைக் கூட்டங்கூட்டமாக மாய்த்தது. விளைச்சலுக்குத் தேனீ வேண்டும். தேனீயைக் காக்க ஃபிரிஷ் வேண்டும்! ஆகவே பதவி நீக்கம் போர் முடியும்வரை தள்ளிவைக்கப்பட்டது.

தம்மைக் காத்த தேனீக்களின் நடனத்தை அப்போர்க்காலத்திலேயே அவர் படித்தறிந்தார். உணவு கண்டு திரும்பும் தேனீ, செங்குத்தான அடையின்மீது உடலை ஆட்டியவாறு நேர்கோட்டில் ஓடும். மேல்நோக்கி ஓடினால் உணவு சூரியன் உள்ள திசையில். சாய்ந்து ஓடினால் அச்சாய்வே திசையைக் காட்டும். ஆட்டம் நீள நீளத் தொலைவும் மிகும்.

இது மொழியாகுமா? தேனீ கதை சொல்லாது, வினாவும் எழுப்பாது. ஆயினும் கண்ணெதிரே இல்லாத மலர்களைத் தன் இனத்திற்கு உணர்த்திவிடுகிறது. மனித மொழிக்கு ஈடன்று. வெறும் ரீங்காரமும் அன்று.

1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஃபிரிஷ், 1982-இல் மறைந்தார். சிற்றுயிரிடமும் பாடம் கேட்கும் பணிவே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம்.