காசநோய் பயத்தால் நின்ற இங்கிலாந்து பயணம்: சி.வி.ராமனும் நுரையீரல் கிருமியும்

திருச்சியில காவிரிப் பாலத்தைத் தாண்டினா, ஸ்ரீரங்கத்தை ஒட்டியே இருக்கிறது திருவானைக்காவல். 1888 நவம்பர் 7-ம் தேதி அங்கே தாத்தா வீட்டில் பிறந்தவர்தான் சி.வி.ராமன். காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் கண்டுபிடித்து அப்போது 6 வருஷம்தான் ஆகியிருந்தது.

சென்னை மாநிலக் கல்லூரியில் 1907-ல் எம்.ஏ. முடித்தார் ராமன். ஆராய்ச்சி பண்ணணும்னா அன்றைக்கு இங்கிலாந்து போகணும். ஆனால் அவரைப் பரிசோதித்த அரசு மருத்துவர், அங்கே போனால் காசநோய் வந்து இறந்துவிடுவார் என்று சொல்லித் தடுத்துவிட்டார். அந்த பயத்தில் நியாயம் இருந்தது. காசநோய்க்கான முதல் ஆன்டிபயாடிக்கான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல்தான் வந்தது.

கிருமி எப்படி ஒட்டுது?

மூச்சோடு உள்ளே போகும் கிருமிகளை சளியும் இருமலும் வெளியே தள்ளப் பார்க்கும். தப்பிக்கணும்னா கிருமி எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும். பல கிருமிகளுக்கு இதற்கென்றே மேற்பரப்பில் மெல்லிய இழைகளும் புரதங்களும் உண்டு.

காசநோய்க் கிருமியின் கதை இன்னும் விசித்திரம். அதன் மெழுகு போன்ற மேலுறையில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நுரையீரலைக் காவல் காக்கும் மேக்ரோபேஜ் செல்களின் ஏற்பிகளில், பூட்டில் சாவி மாதிரி அவை பொருந்திவிடும். கிருமியைக் கொல்ல வேண்டிய செல்லே அதை உள்ளே இழுக்கிறது. கிருமியோ சாகாமல் அங்கேயே குடித்தனம் நடத்துகிறது.

கணக்கு வேலையும் ஒளியும்

இங்கிலாந்து இல்லை என்றானதும், நிதித்துறைத் தேர்வு எழுதி முதலிடம் பிடித்தார் ராமன். 18 வயதில் கல்கத்தாவில் அரசு வேலை. ஆபீஸுக்கு முன்னும் பின்னும் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடமே கதி. 1917-ல் அந்த வேலையை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். 1921-ல் ஒருவழியாக இங்கிலாந்து போய் நலமாகத் திரும்பினார். வழியில் பார்த்த மத்தியதரைக் கடலின் நீலம், ஒளிச்சிதறல் பக்கம் அவரைத் திருப்பியது.

1928 பிப்ரவரி 28-ல், கே.எஸ்.கிருஷ்ணனோடு செய்த ஆய்வில் விடை கிடைத்தது. சிதறும் ஒளியில் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நிறம் மாறுகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது மூலக்கூறுக்கு மூலக்கூறு வேறுபடும், கைரேகை மாதிரி. இதுதான் ராமன் விளைவு. 1930-ல் நோபல் பரிசு. 1970 நவம்பர் 21-ல் பெங்களூருவில் காலமானார்.

கிருமிக்கு இதில் என்ன?

ராமன் கிருமிகளை ஆராய்ந்தவர் இல்லை. ஆனால் இன்று ஆய்வகங்களில் கிருமி மேல் லேசர் அடித்து, திரும்பும் ஒளியைப் பார்த்து அது எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்க முயல்கிறார்கள். வெள்ளி, தங்க நுண்துகள்களைக் கிருமியோடு ஒட்டவிட்டால், துகளைத் தொடும் மேலுறையின் சிக்னல் பல மடங்கு கூடும். செல்லைப் பிடிக்கும் அதே மேலுறைதான் கிருமியைக் காட்டிக்கொடுக்கிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால் இந்த முயற்சிக்கு மதிப்பு.

மருத்துவமனைகளில் இது இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இப்போதைக்கு சளிப் பரிசோதனையும் மரபணுச் சோதனையும்தான் வழி. 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் தள்ளிப்போடாமல் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். ராமனின் இளமைக் காலத்தில் மருந்தே இல்லாத நோய், இன்று பெரும்பாலும் 6 மாத மாத்திரையில் குணமாகிறது.