நாணயத்தில் நாணயம் தேடியவர்

தமிழில் 'நாணயம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, கையில் புழங்கும் காசு. மற்றொன்று, சொல் தவறாத நேர்மை. இவ்விரண்டையும் ஒருசேரத் தேடிய இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கைத்தான் இக்கட்டுரையில் உங்களுக்கு அறிமுகப்படுத்த விரும்புகிறேன்.

அவரை நான் அறிந்ததே ஒரு பிஸ்கட் டின்னால்தான். என் தாத்தா காலமானபோது அந்த டின் நிறையப் பழைய காசுகளை விட்டுச் சென்றார். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த, சதுர வடிவ மலாயா ஒரு காசுகள் அதில் நிறைய இருந்தன. கடைக்காரர் ஒருவர் மொத்தமாக 80 வெள்ளி தருவதாகச் சொன்னார். கொடுத்துவிடலாமா என்று யோசித்துக் கொண்டிருந்த வாரத்தில்தான், ஒரு பாடத்திற்காகப் பெட்ரார்க்கின் வரலாற்றை நூலகத்தில் படித்தேன்.

பெட்ரார்க் 1304-ஆம் ஆண்டு அரெஸ்ஸோ நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஃபுளோரன்ஸ் நகரிலிருந்து நாடு கடத்தப்பட்டவர். தந்தையின் விருப்பத்திற்காகச் சட்டம் படிக்கத் தொடங்கினாலும், மகனின் மனம் பழைய லத்தீன் ஏடுகளையே நாடியது. லாரா என்ற பெண்ணைப் பாடிய கவிதைகள் அவருக்குப் பெரும் புகழைத் தந்தன. 1341-இல் ரோம் நகரின் கேப்பிட்டல் குன்றில் அவருக்குக் கவிஞர் முடி சூட்டப்பட்டது.

அக்காலத்தில் ரோம் பாழடைந்து கிடந்தது. திராட்சைத் தோட்டங்களில் மண் கொத்துபவர்களுக்கு அவ்வப்போது பழைய காசுகள் கிடைக்கும். அவற்றைப் பெட்ரார்க்கிடம் கொண்டு வருவார்கள். சிலர் விற்க வருவார்கள். சிலர் காசில் இருப்பது யாருடைய முகம் என்று கேட்க வருவார்கள். முகத்தைச் சுற்றிப் பெயரும் பட்டங்களும் சுருக்கமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைக் கூட்டிப் படித்தால் அது எந்தப் பேரரசர் என்பது தெரிந்துவிடும். மற்றவர்கள் அதில் வெள்ளியையும் தங்கத்தையும் பார்த்தார்கள். அவரோ ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பார்த்தார்!

1354-ஆம் ஆண்டு டிசம்பரில், பேரரசராக முடிசூட இத்தாலிக்கு வந்த நான்காம் சார்லஸை மாந்துவா நகரில் அவர் சந்தித்தார். புகழ்பெற்ற மனிதர்களைப் பற்றித் தாம் எழுதிவரும் நூலைச் சார்லஸ் கேட்டபோது, அதற்குத் தகுதியுள்ளவராக நடந்தால் தருவதாகத் துணிந்து சொன்னார். பிறகு தாம் சேர்த்திருந்த ரோமப் பேரரசர்களின் பொன், வெள்ளி நாணயங்கள் சிலவற்றைப் பரிசளித்தார். அவற்றுள் உயிருள்ளது போன்ற அகஸ்டஸின் முகமும் ஒன்று. யாருடைய இடத்தில் அமரப் போகிறீர்கள் என்பதை மறவாதீர்கள் என்பதே அப்பரிசின் பொருள்.

ஆனால் நடந்தது என்ன? 1355 ஏப்ரல் 5-ஆம் நாள் ரோமில் முடிசூடிக் கொண்ட சார்லஸ், அன்றே நகரை விட்டு வெளியேறினார். சில வாரங்களில் இத்தாலியை விட்டே போய்விட்டார். பெட்ரார்க் பணிந்து போகவில்லை. கடுமையாகக் கண்டித்துக் கடிதம் எழுதினார்.

கண்டித்தவரை மன்னர் ஒதுக்கவில்லை என்பதுதான் வியப்பு! ஆஸ்திரியாவின் கோமகன் நான்காம் ருடால்ஃப், ஜூலியஸ் சீசரும் நீரோவும் தம் நாட்டுக்குச் சலுகைகள் வழங்கியதாகப் பத்திரங்கள் காட்டினார். அவை உண்மையா என்று 1361-இல் சார்லஸ் பெட்ரார்க்கிடமே கேட்டார். பத்திரத்தில் சீசர் தம்மை 'நாம்' என்று குறித்திருந்தார். உண்மையான சீசர் கடிதங்களில் 'நான்' என்றே எழுதியவர். 'அகஸ்டஸ்' என்ற பட்டமும் அதில் இருந்தது. கி.மு. 44-இல் சீசர் இறந்து, கி.மு. 27-இல்தான் அப்பட்டம் பிறந்தது! போலி என்று தீர்ப்பளித்தார் பெட்ரார்க். காசுகளில் பெயரையும் பட்டத்தையும் படித்துப் பழகிய கண்ணல்லவா!

1374-இல், 70 வயது நிறைய ஒரு நாள் இருக்கும்போது, ஆர்க்குவா என்ற ஊரில் அவர் மறைந்தார்.

அகஸ்டஸின் நாணயங்கள் கோயம்புத்தூர், கரூர் வட்டாரங்களிலும் கிடைத்துள்ளன. நம் முன்னோர் கைகளிலும் புழங்கிய முகம் அது என்று எண்ணும்போது மனம் சிலிர்க்கிறது.

தாத்தாவின் டின்னை நான் விற்கவில்லை. பாட்டியின் அருகில் அமர்ந்து, எந்தக் காசு எப்போது கிடைத்தது என்று கேட்டு எழுதி வருகிறேன். பாதிக் காசுகளுக்குப் பாட்டிக்கே விவரம் தெரியவில்லை. தாத்தாவிடம் கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டிலும் அப்படியொரு டின் இருந்தால், இந்த விடுமுறையிலேயே கேட்டுவிடுங்கள், நண்பர்களே!